இளைத்த உடம்பும் முடிந்த விரதமும்

உடம்பை இளைக்கவைத்தவர்கள் ஏன் திரும்பவும் பெருத்துவிடுகிறார்கள் என்று ஓசூர்ப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் மூன்று பதில்கள் தயாராயிருக்கின்றன. ஒருவர் "தலையெழுத்து" என்பார். இன்னொருவர் "கண் பட்டுவிட்டது" என்பார். இவ்விரண்டையும் கேட்டுச் சிரிக்கின்ற படித்த மூன்றாமவர், "அவனுக்கு மனவுறுதி போதாது" என்பார். முதல் இரண்டும் மூடநம்பிக்கை என்பது நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. மூன்றாவதும் சட்டை மாற்றிக்கொண்டு வந்த அதே மூடநம்பிக்கைதான் என்பதை எடுத்துக்காட்டவே இதை எழுதுகிறோம்.

"இது தின்று கொழுத்த பணக்காரனுடைய கவலை, ஆலைத் தொழிலாளிக்கும் குடியானவனுக்கும் இதனால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு ஒரு சங்கதி சொல்லுகிறோம். 2021 ஆகஸ்டு 5ந் தேதி, அப்போது முதலமைச்சராயிருந்த மு.க. ஸ்டாலின் "மக்களைத் தேடி மருத்துவம்" என்கின்ற திட்டத்தை எந்த மாளிகையில் ஆரம்பித்தார்? நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் ஆரம்பித்தார். சர்க்கரை வியாதிக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை ஜனங்களின் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய நிலைமை கிராமங்களுக்கு வந்துவிட்டதென்றால், இது பணக்காரன் வியாதி என்கின்ற பேச்சு எப்படி நிற்கும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023ல் வெளியான கணக்குப்படி, இந்நாட்டில் சர்க்கரை வியாதியுள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். அதன் வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல். அன்றியும் நம்மவர் உடம்பு வெள்ளைக்காரர் உடம்பைவிடக் குறைந்த எடையிலேயே இவ்வியாதிக்கு ஆளாகிவிடுகிறது. ஆணுக்கு இடுப்புச் சுற்று 90 சென்டிமீட்டரும், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டினாலே அபாயம் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். ஆகவே இளைத்த உடம்பைக் காப்பாற்றுவது கண்ணாடி முன் நின்று அழகு பார்ப்பதற்கல்ல. கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றிக்கொண்டு, பிள்ளை குட்டிகளுக்குப் பாரமாகாமல் உழைத்துச் சாப்பிடுவதற்கேயாகும்.

இதை எழுதுகின்ற எனக்கே இந்தச் சங்கடம் வந்தது. நான் பல வருஷங்கள் கடைசல் மிஷினில் நின்று வேலை செய்தவன். நாற்பத்தொன்றாவது வயதில், சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டதென்று டாக்டர் சொன்னார். பயந்துபோய் எட்டு மாதத்தில் 86 கிலோவிலிருந்து 73 கிலோவுக்கு இறங்கினேன். ஷிப்டில் இருந்த தோழர்களெல்லாம் மெச்சினார்கள். அவ்வளவுதான், காரியம் முடிந்ததென்று நினைத்தேன். மெச்சுதலும் நின்றது, என் ஊக்கமும் நின்றது. அடுத்த பதினாலு மாதத்தில் 84 கிலோ. மெச்சின வாய்களே, "நமக்கெல்லாம் அது வராதப்பா" என்று ஆறுதல் சொல்லின. எனக்கு வந்த வெட்கம் கொஞ்சமல்ல. டாக்டரிடம் போகக்கூட வெட்கப்பட்டு ஆறு மாதம் போகாமலிருந்தேன். அந்த ஆறு மாதத்தில் சர்க்கரை எல்லையைத் தாண்டிவிட்டது. எனக்குக் கெடுதி செய்தது சோறு மாத்திரமல்ல, அந்த வெட்கமுந்தான் என்பது பிறகுதான் விளங்கிற்று.

மனவுறுதி என்கிறார்களே, அதைச் சோதித்துப் பார்த்த ஒரு காரியம் உண்டு. 1944-45ல் அமெரிக்காவில் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 வாலிபர்களை ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்துப் பார்த்தார். இவர்கள் யார் தெரியுமா? மனசாட்சிக்கு விரோதமென்று சொல்லி, யுத்தத்தில் துப்பாக்கி எடுக்க மறுத்தவர்கள். ஊரே ஏசினபோதும் சர்க்காரை எதிர்த்து நின்றவர்களுக்கு மனவுறுதி இல்லையென்று எவன் சொல்லுவான்? அப்படிப்பட்டவர்களே, உடம்பு கால் பங்கு வற்றினதும், இரவும் பகலும் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டும், சமையல் புஸ்தகங்களைப் படித்துக்கொண்டும் இருந்தார்கள். சோறு திரும்பக் கிடைத்தபோது எவ்வளவு தின்றும் பசி அடங்கவில்லை என்றார்கள்.

பிறகு 2011ல் ஆஸ்திரேலியாவில் 50 பேரைப் பத்து வாரம் குறைந்த ஆகாரத்தில் இளைக்க வைத்து, ஒரு வருஷம் கழித்து இரத்தத்தைச் சோதித்தார்கள். பசியைத் தூண்டுகின்ற கிரெலின் என்கின்ற சுரப்பு ஏறியே இருந்தது. போதும் என்று மூளைக்குச் சொல்லுகின்ற லெப்டின் இறங்கியே இருந்தது. சமீபத்தில் பணக்காரர்கள் ஓடி ஓடிப் போட்டுக்கொள்ளுகின்ற செமாக்ளூடைட் ஊசியின் கதையும் இதுவே. அதை நிறுத்தின ஒரு வருஷத்துக்குள், இறங்கின எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவந்ததாக 2022ல் வெளியான சோதனை சொல்லுகிறது. ஊசியை நிறுத்தினவனுக்கு மனவுறுதி ஒரே நாளில் எங்கே ஓடிப்போயிற்று? பஞ்சத்துக்குப் பயந்து பயந்து வளர்ந்த மனித உடம்பு, இளைத்ததைப் பஞ்சமென்றே எடுத்துக்கொண்டு, விட்டதைப் பிடிக்கப் பார்க்கிறது. இதுதான் இயற்கை. இதில் விதியும் இல்லை, கண்ணேறும் இல்லை, குணக்கேடும் இல்லை.

நிற்க, இயற்கை இப்படியிருக்க, நாம் செய்கின்ற தப்பு என்ன? ஆகாரக் கட்டுப்பாட்டை விரதமாக்கிவிடுகிறோம். விரதம் என்றால் அதற்கு முடிகிற தேதி ஒன்று உண்டு. சஷ்டிக்கு ஆறு நாள், மாலை போட்டால் ஒரு மண்டலம், புரட்டாசிக்கு ஒரு மாதம். புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வாசலில் நிற்கின்ற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, விரதத்தின் யோக்கியதை என்னவென்று நாம் சொல்லவேண்டியதில்லை. அதே புத்தியோடு "மூன்று மாதம் அரிசியைத் தொடமாட்டேன்" என்று ஆரம்பிக்கிறவன், நாலாவது மாதம் எதைத் தொடுவான்? விரதம் முடிந்தது என்பது அவனுக்குத் தெரியும். அவனுடைய இரத்தத்துக்குத் தெரியுமா?

இதைவிட மோசமானது பாவ புண்ணியக் கணக்கு. கலியாண வீட்டில் ஒரு லட்டு தின்றுவிட்டால், பாவம் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுகிறான். "கெட்டதுதான் கெட்டாயிற்று" என்று இன்னும் நாலு தின்கிறான். மறுநாள் பிராயச்சித்தமாகப் பட்டினி கிடக்கிறான். அதற்கு மறுநாள் பசி தாங்காமல் இரட்டிப்பாய்த் தின்கிறான். தோழர்களே, ஒரு லட்டினால் யாரும் பெருக்கமாட்டார்கள். அந்த ஒரு லட்டைப் பாவமென்று நினைக்கின்ற நினைப்பினால்தான் பெருக்கிறார்கள். கோயிலுக்குப் போவதை விட்டுவிட்ட நாம், கோயில் புத்தியைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்காருவது நியாயமா?

அப்படியானால் வேறு என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். ஓசூர்க்காரனுக்கு இதற்குப் பதில் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. ஒரு மிஷினுக்கு எண்ணெய் விடுகின்ற தொழிலாளி, இன்று நமக்கு ஊக்கம் இருக்கிறதா என்று பார்த்தா விடுகிறான்? அட்டவணை தொங்குகிறது, எண்ணெய் டப்பா கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கிறது, விடுகிறான். ஒரு நாள் தவறிப்போனால் மிஷினுக்கு முன் விழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்பதில்லை, மறுநாள் விடுகிறான். அதற்குப் பெயர் பராமரிப்பு. அதற்கு முடிகிற தேதி கிடையாது. நாலு லட்ச ரூபாய் மிஷினுக்குச் செய்வதை, விலையே இல்லாத சொந்த உடம்புக்குச் செய்ய ஏன் ஊக்கத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம்? ஊக்கம் வீட்டுக்கு வந்துபோகிற விருந்தாளி. ஏற்பாடுதான் கூட இருந்து குடும்பம் நடத்துவது.

எனவே ஏற்பாடுகளைச் சொல்லுகிறோம்.

முதலாவது, டீக்கடைக் கணக்கு. ஒரு டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை, ஏறத்தாழ 10 கிராம். ஷிப்டு முன்னும் பின்னும் நடுவிலுமாக ஆறு டீ என்றால் 60 கிராம். மாதத்துக்கு 1,800 கிராம். ஒரு மனிதன் டீயில் மாத்திரம் மாதம் இரண்டு கிலோவுக்குச் சமீபமாகச் சர்க்கரை தின்கிறான்! இதை நிறுத்தப் பட்டினி கிடக்க வேண்டுமா? கடைக்காரத் தோழரிடம் "எனக்கு எப்போதும் சர்க்கரை இல்லாமல்" என்று ஒரு தடவை சொல்லிவைத்தால் போதும். பிறகு ஞாபகம் வைத்துக்கொள்ளுவது அவர் வேலை.

இரண்டாவது, தட்டு. பாதித் தட்டு கீரை, காய். கால் தட்டு கொள்ளு, அவரை, முட்டை, மீன் இவற்றில் ஏதாவது. மீதிக் கால் தட்டுதான் சோறோ களியோ. இங்கே ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்துக் கேழ்வரகு நல்ல தானியம். கன்னடத்தார் முத்தே என்றும், தெலுங்கர் சங்கட்டி என்றும், நாம் களி என்றும் சொல்லி மூன்று பாஷைக்காரரும் தின்று வளர்ந்தது. சுண்ணாம்புச் சத்தில் அரிசி அதற்குப் பக்கத்தில் நிற்காது, நார்ச்சத்தும் அதிகம். களி தின்கிறவன் கீழானவன் என்றும், வெள்ளைச் சோறு தின்கிறவன் மேலானவன் என்றும் கிளப்பிவிட்ட வீண் கௌரவத்தினாலேயே அதைக் கைவிட்டோம். ஆனால் அதற்காகக் கேழ்வரகைப் புதிய சாமியாக்கவும் வேண்டாம். 100 கிராம் அரிசியில் 350 கலோரி என்றால், கேழ்வரகில் 320. தலையளவு உருண்டை இரண்டை விழுங்குகிறவனையும், வெல்லம் போட்ட ராகி மால்ட்டைக் குவளை குவளையாய்க் குடிக்கிறவனையும் எந்தத் தானியமும் காப்பாற்றாது.

மூன்றாவது, தராசும் நாடாவும். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் நிறுத்துப் பார்த்து எழுதிவையுங்கள். இரண்டு கிலோ ஏறினவுடன் கவனித்தால் சுலபம். பன்னிரண்டு கிலோ ஏறும்வரை வெட்கத்தால் தராசுக்கு ஒளிந்தால் கஷ்டம். அமெரிக்காவில் இளைத்த உடம்பை இளைத்தபடியே வைத்திருப்பவர்களை 1994 முதல் பதிவு செய்து வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாரம் ஒரு தடவையாவது நிறுத்துப் பார்க்கிறவர்கள். தினம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடை முதலிய உழைப்புச் செய்கிறவர்கள். ஆனால் தராசும் சாமியல்ல. சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் கவனித்து 2006ல் வெளியிட்ட சோதனையில், வழக்கம்போல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்தது. நடையும் ஆகாரமும் திருத்திக்கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் இவர்களுடைய எடை சொல்லும்படியாகக் குறையவில்லை! முள் நகரவில்லையென்று நல்ல பழக்கத்தை விட்டுவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நான்காவது, வீட்டுப் பெண்கள். நமது வீடுகளில் பெண் கடைசியில் சாப்பிடுகிறாள். மீந்ததைக் கொட்டினால் அன்னலட்சுமி கோபித்துக்கொள்ளுவாள் என்று, வயிறு நிறைந்த பிறகும் வழித்துத் தின்கிறாள். அவள் வயிறு என்ன குப்பைத் தொட்டியா? அவள் கொஞ்சம் இளைத்தாலோ, "என்னடி, சர்க்கரையா? புருஷன் சோறு போடுகிறதில்லையா?" என்று தெருவே விசாரிக்கிறது. ஆண்களுக்கு ஒன்று சொல்லுகிறோம்: உங்களுக்கு மட்டும் தனியாகக் கீரை சமைக்கச் சொல்லி அவளுக்கு இன்னொரு வேலை வைப்பது சுயமரியாதையல்ல. காயை நீங்கள் நறுக்குங்கள். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடுங்கள்.

ஐந்தாவது, ஆலை. 250 பேருக்கு மேல் வேலை செய்கின்ற ஆலையில் உணவுச்சாலை வேண்டுமென்றும், அதன் நிர்வாகக் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்க வேண்டுமென்றும் 1948ம் வருஷத்துச் சட்டமே வழி செய்தது. இரவு ஷிப்டு முடிந்து வருகிறவனுக்குப் போண்டாவும் சர்க்கரைத் தண்ணீரும் மாத்திரம் வைத்துவிட்டு, அவன் பெருத்தால் மனவுறுதி இல்லையென்று பேசுவது எவ்வளவு அக்கிரமம்! போனசுக்காக வாய் திறக்கின்ற நாம், ஒரு காய்க்காகவும் ஒரு சுண்டலுக்காகவும் ஏன் வாய் திறக்கக் கூடாது?

கடைசியாக, "முப்பது நாளில் பத்துக் கிலோ" என்று பொடி விற்கிறவர்களைப் பற்றி. முப்பத்தோராவது நாள் என்ன செய்வது என்று அவர்களைக் கேளுங்கள். "இன்னொரு டப்பா வாங்குங்கள்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. பக்தன் திரும்பத் திரும்ப வருவதில்தானே பூசாரியின் பிழைப்பு இருக்கிறது!

நான் இப்போது 77 கிலோ. 73க்குத் திரும்பவில்லை, திரும்பாமலே போகலாம். மூன்று வருஷமாக 77ஐ விட்டு அதிகம் ஏறவில்லை; சர்க்கரை மருந்தோடு கட்டில் இருக்கிறது. யாரும் மெச்சுவதில்லை, மெச்ச வேண்டிய அவசியமும் இல்லை. ஆகவே தோழர்களே, இளைத்துத் திரும்பப் பெருத்துவிட்டவர்கள் தலை குனிய வேண்டாம். வெட்கத்தை விட்டு நாளைக்கே டாக்டரிடம் போங்கள். மறுபடியும் விரதம் எடுக்காதீர்கள்; டீக்கடைக்காரரிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.