வீசும் கையும் பிடிக்கும் கையும்

வடபுலத்தில் ஓர் இளைஞன் வேகமாகப் பந்து வீசுகிறான் என்னும் செய்தி பரவிவிட்டால், குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருப்போர் முதல் வேலணை வங்களாவடிச் சந்தியில் தேநீர் அருந்துவோர் வரை, யாவரும் அவனுடைய புயபலத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் அதிகாரம் பெற்றுவிடுகிறார்கள். யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியின் குகதாஸ் மாதுளன், லசித் மலிங்கவைப் போன்று கையைப் பக்கவாட்டில் சுழற்றி வீசும் அபூர்வமான பாணியினால் கடல் கடந்தும் கவனிக்கப்பட்டு, சென்னை சுப்பர் கிங்ஸ் அணியின் வலைப்பயிற்சிக்கு அழைக்கப்பட்டு, 2024 இல் 19 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கிண்ணத்துக்குச் சென்ற இலங்கை அணியிலும் இடம்பெற்றதன் பின்னர் இந்த விவாதம் ஓய்ந்தபாடில்லை. கையிலே பலம் இருக்கிறது, மற்றவை தாமாக வரும் என்பது ஒரு கட்சி. வேகம் இருந்தென்ன, பந்து நினைத்த இடத்தில் விழவேண்டுமே என்பது மறு கட்சி. அந்த இளைஞனைச் சூழ்ந்து நிற்பவர் யார், அவன் பந்துக்கு எழும் பிடியைப் பிடிப்பவர் யார், அவனைத் தினமும் பார்த்துத் திருத்துபவர் யார் என்னும் மூன்றாவது கேள்வியோ, தோற்றவனுக்குச் சொல்லும் ஆறுதலாகவே எடுக்கப்படுகிறது. அதை முதலாவதாக வைத்துப் பேசவேண்டும் என்பதே என் கட்சி.

இதே மூன்று கேள்விகளை அமெரிக்கர் வருடந்தோறும் தம் நாட்டு உதைபந்தாட்டத்தில் (உதைப்பது அதில் அபூர்வம் என்பது வேறு விஷயம்) எழுப்பிக்கொள்கிறார்கள். அவ்வாட்டத்தில் குவாட்டர்பேக் எனப்படுபவன், எதிரணியினர் தன்னை வீழ்த்தப் பாய்ந்து வருவதற்குள், தொலைவில் ஓடும் சகாவின் கைகளிலே பந்தை எறிந்து சேர்க்கவேண்டும். 2018 இல் பஃபலோ நகரத்து அணி ஜொஷ் அலன் என்னும் இளைஞனைத் தெரிந்தெடுத்தபோது, அவன் கைப்பலத்தை ஐயுற்றார் எவருமில்லை. குறிதான் தவறும் என்றார்கள். அவன் எறிந்த பந்துகளில் நூற்றுக்கு 52.8 மாத்திரமே முதல் வருடத்தில் உரிய கைகளை அடைந்தமையால் அவர்கள் சொன்னது மெய்யாகவும் தோன்றிற்று. அடுத்த வருடம் அது 58.8 ஆயிற்று, 2020 இல் 69.2 ஆக உயர்ந்தது. அந்த 2020 இல்தான் ஸ்டெஃபான் டிக்ஸ் என்னும் கைதேர்ந்த ஆட்டக்காரர் அவ்வணிக்கு வந்து, 127 பந்துகளைப் பற்றி, அவ்வருடத்தில் அந்நாட்டிலேயே முதலிடம் பெற்றார். அலன் தன் எறியும் முறையைத் திருத்திக்கொள்ளப் பட்ட பிரயாசையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும், ஒருவனுடைய தனிக்குணம் என்று நாம் எண்ணியிருந்த துல்லியம், பந்தைப் பற்றிக்கொள்ளும் கைகள் மாறியவுடன் இத்தனை தூரம் உயருமாயின், அதிற் பாதியையேனும் அக்கைகளுக்கு வரவு வைப்பதே நியாயம்.

அவ்வளவு தூரம் போவானேன்? இத்தேசத்துத் தமிழன் ஒருவனுடைய கையைப் பற்றி நிகழ்ந்ததைப் போன்றதொரு விவாதம் துடுப்பாட்ட உலகில் வேறெந்தக் கையைப் பற்றியும் நிகழ்ந்ததில்லை. 1995 டிசெம்பர் 26 ஆம் திகதி மெல்பேர்ண் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயார் முத்தையா முரளிதரனின் பந்துவீச்சு முறைகேடானது என்று திரும்பத் திரும்பக் கையை நீட்டினார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் இன்னொரு நடுவர் அதையே செய்தார். பிறவியிலேயே முழுமையாக நிமிராத அந்த முழங்கையை விஞ்ஞானிகள் கருவிகளால் அளந்தார்கள். 2005 முதல் எவருடைய முழங்கையும் 15 பாகை வரை நிமிரலாம் என்று சர்வதேச விதியே வகுக்கப்பட்டது. இவையெல்லாம் கையைப் பற்றிய சரித்திரம். அதே சரித்திரத்தின் மற்றப் பக்கத்தைப் பாருங்கள். அடிலெய்டில் அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் வீரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று, இவன் பந்து வீசவில்லையெனில் நாங்களும் ஆடப்போவதில்லை என்னும் பாவனையில் நின்றாரே, அந்த நிலை இல்லாதிருந்தால் 800 விக்கெட்டுகள் என்னும் கணக்கு எங்கே போய் முடிந்திருக்கும்? முரளியின் பந்தில் முதலாம் சிலிப் நிலையில் குனிந்து நின்ற மஹேல ஜயவர்தன டெஸ்ட் ஆட்டங்களில் மாத்திரம் 77 பிடிகளை எடுத்தார். 2010 ஜூலை 22 ஆம் திகதி காலியில் வீழ்ந்த 800 ஆவது விக்கெட்டும், பிரக்யான் ஓஜாவின் துடுப்பில் பட்டு, அதே மஹேலவின் கைகளிலேதான் சென்று தங்கியது. முரளியின் மேதையைச் சொல்லி மகிழும் நாம் அந்த 77 ஐயும் மறவாது சொல்லவேண்டும்; அவற்றுட் பத்துப் பிடிகள் நழுவியிருந்தால், பந்து அதே இடத்தில் விழுந்து அதே அளவு திரும்பியிருப்பினும், ஏடு வேறு கதை சொல்லியிருக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது மலிங்கவின் கதை. காலிக்கு அண்மையிலுள்ள ரத்கம என்னும் கடலோரக் கிராமத்தில், மணலிலே மென்பந்தால் விளையாடி வளர்ந்த பையன், எவருடைய துணையுமின்றிக் கைப்பலம் ஒன்றினாலேயே உலகத்தை வென்றான் என்று அதைச் சுருக்கிச் சொல்லி, நெடுந்தீவுப் பையனும் அவ்வாறே வெல்லட்டும் என்று முடித்துவிடுகிறார்கள். கேட்கச் சுகமான கதைதான். ஆனால் அந்தப் பையனைக் கண்டவர் சம்பக்க ராமநாயக்க; இலங்கைக்காக வேகப்பந்து வீசிய அநுபவசாலி. அவ்விசித்திரமான கைவீச்சைக் கண்டவுடன், இதை நிமிர்த்து என்று கட்டளையிடாமல், அதை அப்படியே பேணி, துடுப்பாட்டக்காரனின் பாதம் இருக்கும் இடத்தில் சப்பாத்துகளை வைத்து அவற்றைக் குறிபார்த்து வீசும் பயிற்சியினால் யோர்க்கர் பந்தைக் கூர்மையாக்கிய ஆசிரியர் வர்க்கம் மலிங்கவுக்கு வாய்த்தது. காலி துடுப்பாட்டக் கழகம் என்னும் வாசல் திறந்திருந்தது. 2004 இல் டார்வினில் முதலாவது டெஸ்ட் ஆடிய மலிங்க தனியே அங்கு போய்ச் சேரவில்லை.

இவ்வகைக் கைவீச்சின் ஆபத்தும் சொல்லப்படவேண்டியதே. மணிக்கட்டின் சிறியதொரு பிசகும் பந்தைக் கால்பக்கம் இழுத்துச் சென்றுவிடும். கண்டியிலிருந்து வந்த மதீஷ பத்திரன, ஐ.பி.எல். ஆட்டத்தில் பலரைத் திணறடித்தபின்னரும், ஒருநாள் ஆட்டங்களின் தொடக்கத்தில் அகலப் பந்துகளை அள்ளி வழங்கியதைக் கண்டோம். அவர் நீண்ட ஆட்டங்களைத் தவிர்த்துத் தம் உடலைப் பேணவேண்டும் என்று 2023 இல் மகேந்திர சிங் தோனி பகிரங்கமாகவே சொன்னார். வளரும் வயதில் அளவுக்கு மிஞ்சி வீசும் வேகப்பந்து வீச்சாளருக்கு இடுப்பு முள்ளந்தண்டில் நுண்ணிய முறிவு ஏற்படுவது வைத்தியர்கள் நன்கறிந்த வியாதி. ஆகவே கிழமைக்கு எத்தனை பந்து வீசுகிறான் என்று எண்ணி எழுதி, இன்றைக்குப் போதும் என்று நிறுத்த ஒருவர் வேண்டும். கரகோஷம் செய்ய ஆயிரம் பேர் வருவார்கள். நிறுத்தச் சொல்பவர் அருமை. பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் ‘குட்டி மலிங்க’ என்று பட்டம் சூட்டி, ஒவ்வொரு பந்திலும் அதைத் தேடும் வழக்கத்தையும் நம் பத்திரிகைகள் விட்டுவிடுவது நலம்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி தந்த விஜயகாந்த் வியாஸ்காந்தின் அநுபவமும் இதையே காட்டுகிறது. 2020 டிசெம்பர் 4 ஆம் திகதி லங்கா பிரீமியர் லீக்கில் ஜப்னா ஸ்ராலியன்ஸ் அணிக்காக முதன்முறை பந்து வீசி அஞ்சலோ மத்யூஸை வீழ்த்திய அச்சுழற்பந்து வீச்சாளர், 2024 மே 8 ஆம் திகதி சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியில் முதன்முறை ஆடியபோது, 4 ஓவர்களில் 27 ஓட்டங்களைக் கொடுத்து விக்கெட் எதையும் பெறவில்லை. அதைத் தோல்வி என்று எழுதினோரும் உண்டு. எதிரணி எடுத்த 165 ஓட்டங்களை அதே ஆடுகளத்தில் அவருடைய சகாக்கள் 9.4 ஓவர்களில் விக்கெட் இழப்பின்றிக் கடந்தனர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த 27 இன் பெறுமதி விளங்கும். அன்று அவ்வணியின் சுழற்பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்தவர் முரளிதரன். அத்தகைய துணை நம்மவன் ஒருவனுக்குக் கிட்ட அவன் ஹைதராபாத் வரை போகவேண்டியிருந்தது.

இனி நம் தீவகத்துக்கு வருவோம். 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். பண்ணைப் பாலத்தைக் கடந்தவுடன் தென்படும் அத்தீவில், கண்டற் காட்டுக்கும் ஈரநிலத்துக்கும் கேடு விளையும் என்று சுற்றாடல் ஆர்வலர் எழுப்பிய ஆட்சேபங்கள் நியாயமானவை; அவற்றுக்கு நேர்மையாக விடை கூறிய பின்னரே கட்டடம் எழவேண்டும். மைதானம் வேண்டாம் என்பவன் அல்லேன் நான். ஆனால் பெரிய மைதானம் என்பது ஏற்கெனவே வளர்ந்துவிட்டவன் வந்து ஆடும் இடம். அதன் நிழலிலே வாழும் அல்லைப்பிட்டிப் பையனோ, ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரி மாணவனோ, நயினாதீவுப் பிள்ளையோ அதனுள்ளே பந்து வீசும் நிலைக்கு எவ்வாறு வந்து சேர்வான் என்பதற்கு அடிக்கல் விடை தரவில்லை.

1990 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுக்குப் பின்னர் சனத்தொகை குன்றிய இத்தீவுகளிலே, ஒரே வயதில் பதினொருவரைத் திரட்டுவதே பல பாடசாலைகளுக்குப் பிரயாசை. ஒரு பந்தோடும் ஒரு வலையோடும் முடிந்துவிடும் உதைபந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் இங்கே வேரூன்றியதற்கும், செலவு மிகுந்த துடுப்பாட்டம் யாழ்ப்பாண நகரத்துக் கல்லூரிகளோடு நின்றுவிட்டதற்கும் காரணம் தேட வேண்டியதில்லை. பாடசாலை முடிந்தபின் பட்டினத்தில் பயிற்சி பெற விரும்பும் நெடுந்தீவுப் பையனுக்கு வீடு திரும்பும் படகு காத்திராது. மாரியில் கடல் கொந்தளித்தால் படகே இராது. அவனுடைய கை எத்தனை பலமுடையது என்று எவரும் விவாதிக்கப்போவதில்லை, ஏனெனில் எவரும் அதைக் கண்டிருக்கமாட்டார்கள்.

தீவகம் முழுமைக்குமாக வேலணையில் ஒரு கூட்டு அணி. அதற்குச் சம்பளம் பெறும் ஒரு பயிற்சியாளர். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுப் பிள்ளைகள் வாரவிறுதியில் தங்க ஒரு விடுதி. விரிப்பிலே பழகிய கால் புற்றரையிலும் பழக ஓர் ஆடுகளம்: இவ்வளவே நான் கேட்பது. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் ஊர்ச் சங்கங்கள் கோபுரங்களுக்கும் வளைவுகளுக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். பயிற்சியாளரின் முதல் வருடச் சம்பளத்தைப் புங்குடுதீவார் ஏற்பார்களாயின், இரண்டாம் வருடத்துக்கு நயினாதீவாரைக் கேட்கலாம். பந்து எண்ணும் கொப்பியை வேலணையில் ஓர் ஆசிரியர் நாளைக்கே தொடங்கலாம்.