காணப்படாதது இல்லாததாகுமோ?

ஒரு பொருள் காணப்படவில்லை என்பதும், அப்பொருள் பழுதுற்றது என்பதும் வெவ்வேறு கூற்றுக்களாம். இவ்வேறுபாட்டை மறந்தமையாலேயே, செப்பனிட்டுப் பயன்கொள்ளத்தக்க பழைய கணினிகள் பல வீணே கிடக்கின்றன என்பது நம் கருத்து.

தமிழக அரசினர் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய திட்டத்தின்வழி, அரசு, உதவிபெறும் கல்விநிலையங்களிற் பயின்ற மாணாக்கர் விலையில்லா மடிக்கணினி பெற்றனர். பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சிற்றூர்களில் இல்லங்கள் பலவற்றிற் புகுந்த முதற் கணினி அதுவே. இன்று அவற்றுட் சில பரண்மேல் உறங்குகின்றன. அவற்றைச் செப்பனிடப் புகுவார், ‘ஹார்டு டிஸ்க் காணப்படவில்லை’ என்னும் அறிவிப்பைக் கண்டவுடன் அவ்வுறுப்பு ஒழிந்ததெனத் துணிந்துவிடுகின்றனர். துணிதற்குமுன் வினவற்பாலது ஒன்றுண்டு: அதனைக் காணாதது யாது?

கணினியுள் காண்பன இரண்டு. ஒன்று, மதர்போர்டில் அமைந்த பயாஸ். மற்றொன்று, விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம். ஹார்டு டிஸ்கைப் பயாஸே காணவில்லையாயின், மின்சாரம், கேபிள், பொருத்துவாய் ஆகியவற்றை முறையே ஆராய்தல் வேண்டும். சுண்ணாம்புக்கற் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் மிக்க அரியலூர்ப் பகுதியில் தூசிக்குக் குறைவில்லை. மின்விசிறி உள்ளிழுக்கும் அத்தூசி பொருத்துவாயிற் படிவதும் உண்டு. சார்ஜரையும் பேட்டரியையும் அகற்றிய பின்னர், உறுப்பைக் கழற்றி, மெல்லத் துடைத்து, மீண்டும் அழுந்தப் பொருத்துதலே சிலபோது போதிய மருந்தாகும்.

பயாஸ் கண்டும் இயங்குதளம் காணவில்லையாயின், குறை பெரும்பாலும் உறுப்பினிடத்தன்று. புதிதாகப் பொருத்திய எஸ்.எஸ்.டி. பகுக்கப்படாமையாலேயே மறைந்து நிற்கும். வைஃபை உறுப்போ டிரைவர் இன்மையாற் செயலற்றிருக்கும். அந்நிலையிலும் அவ்வுறுப்புத் தன்னை ஆக்கியோரின் எண்ணைத் தெரிவித்துக்கொண்டேயிருக்கும். இன்டெல் நிறுவனத்தார்க்குரிய எண் 8086. 1978-இல் அவர்கள் வெளியிட்ட செயலியின் பெயரும் அதுவே. அவ்வெண்ணை அறிந்தார்க்கு உரிய டிரைவரைத் தேடுதல் எளிது.

இவ்வாராய்ச்சியில் ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல் வேண்டும். இரண்டினை ஒருங்கே மாற்றினார்க்குக் குறை நீங்கினும் காரணம் விளங்காது. ஐயத்திற்குரிய உறுப்பை நன்னிலையிலுள்ள வேறொரு கணினியிற் பொருத்திப் பார்த்தலே முடிந்த சோதனையாம். தமிழ் பயில்வார்க்கு இம்முறை புதிதன்று. இளமையிற் குன்னத்திலும் அரியலூரிலும் கல்வி பயின்ற உ. வே. சாமிநாதையர், ஏட்டுப் பிரதிகள் பலவற்றை ஒப்புநோக்கியே 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஒரு பிரதியிற் காணாதது பிறிதொன்றிற் காணப்படலாம் என்பதே பதிப்பாசிரியர் நெறி.

‘பழையதனோடு மல்லாடுவதினும் புதியது வாங்குதல் நன்று’ என்பாரும் உளர். வாங்க வல்லார்க்கு அது பொருந்தும். வல்லாதார் செய்வது என்னை? விண்டோஸ் 10-க்குரிய இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு பொதுவாக முடிவுற்றது. விண்டோஸ் 11-ஓ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பை வேண்டுகின்றது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் அஃதில்லை. ஆயினும் அவற்றில் லினக்ஸ் இயங்கவல்லது. அதனைப் பென்டிரைவிலிருந்தே இயக்கி, எவ்வுறுப்புக் காணப்படுகின்றது என்பதையும் ஹார்டு டிஸ்கைத் தொடாமலே சோதிக்கலாம். கட்டுரை எழுதவும், நூல் படிக்கவும், விண்ணப்பம் அனுப்பவும் அதுவே போதும்.

ஆதலின், நம் மாவட்டங்களிலுள்ள கல்லூரிதோறும் செப்பனிடும் மேசையொன்று வேண்டும் என்போம். நன்னிலையிலுள்ள கேபிள், ராம், ஹார்டு டிஸ்க் ஒவ்வொன்றும், லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றும் அதன்மேல் இருந்தாற் சாலும். பழைய மாணவர் தம் இல்லத்திற் கிடக்கும் உறுப்புக்களை அனுப்புவாராயின் செலவும் மிகாது. பல சோதனைகளிலும் தேறாத உறுப்பைக் குப்பையில் எறியாது, 2022-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்த்தல் கடன். ஆராயாது ஒன்றனையும் ‘இறந்தது’ என்று ஒதுக்காதிருப்போமாக. அங்ஙனம் மீட்கப்படும் கணினி ஒவ்வொன்றும் அஃதில்லாது வருந்தும் மாணாக்கர் ஒருவர்க்குத் துணையாகும்.