கொம்பைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுங்கள்



சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, எங்கள் வகுப்பறை ஜன்னல் கம்பியில் பச்சை இலைபோல் ஒரு பூச்சி வந்தமர்ந்தது. "ஐயோ, வெட்டுக்கிளி! பயிரையெல்லாம் தின்றுவிடும்!" என்று ஒருத்தி அலற, மற்றொருத்தி துடைப்பத்தால் அடித்தே விட்டாள். பொழிச்சலூரில் இப்போது பயிர் எங்கே இருக்கிறது என்று எவரும் கேட்கவில்லை.

அந்த அடி அநியாயமானது என்பதே என் கருத்து. வெட்டுக்கிளி என்ற ஒரே பெயர் பலவற்றுக்கும் வழங்குவதால் பழியும் பொதுவாகிவிட்டது. 2020-இல் ராஜஸ்தானைச் சூறையாடியது பாலைவன வெட்டுக்கிளி. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அதன் கூட்டம் ஒரே நாளில் ஏறத்தாழ 35,000 பேருக்குரிய உணவைத் தின்றுவிடும். அதற்குக் கொம்பு குட்டை. அவ்வாண்டு மே மாதம் கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியில் எருக்கஞ்செடிகளில் மொய்த்த பூச்சிகளைக் கண்டு மக்கள் நடுங்கினர். அவை பாலைவன வெட்டுக்கிளிகள் அல்ல என்று வேளாண் அதிகாரிகள் விளக்க வேண்டியதாயிற்று.

நம் ஜன்னலுக்கு வந்ததோ நீளக் கொம்பு இனம். நூல்போன்ற கொம்பு உடலைவிட நீண்டிருக்கும். செவி எங்கே தெரியுமா? முன்னங்கால்களில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே! ஆண் தன் முன்னிறகுகளை உரசிப் பாடும். பெண்ணின் பின்புறம் நீண்டிருக்கும் வாள் கொட்டுவதற்கன்று, முட்டையிடுவதற்கே.

இவ்வினத்தில் மணற்பாங்கான நிலத்தையே நம்பி வாழும் அபூர்வ வகைகளும் உண்டு. விவிலியத்து அந்தியோக்கியாவின் பெயரைத் தாங்கிய ஆண்டியாக் என்ற ஊர் கலிபோர்னியாவில் உள்ளது. அங்கிருந்த மணற்குன்றுகளைச் செங்கல் செய்ய வெட்டி அள்ளினார்கள். 1937-இல் அக்குன்றுகளில் பிடித்த ஒரு நீளக் கொம்பு வெட்டுக்கிளிக்கு 1977-இல்தான் ரென்ட்ஸ் என்ற அறிஞர் பெயர் வைத்தார். அதற்குள் அங்கே ஒன்றுகூட எஞ்சவில்லை. ஆகவே 'நெடுபா எக்ஸ்டிங்டா' என்றார். அற்றுப்போனது என்று பொருள். பெயர் சூட்டு விழாவும் இறுதிச் சடங்கும் ஒன்றாகவே நடந்தன!

நம் ஊரிலும் காலி மனைகள் நாள்தோறும் வீடுகளாகின்றன. புதரிருந்தால் பாம்பு வருமே என்று பெற்றோர் அஞ்சுவது நியாயம்தான். ஆதலால், வகுப்பறைகளுக்குத் தொலைவில், தோட்டத்தின் கோடி மூலையில் உள்ள செடிகொடிகளை மட்டும் மழைக்காலம் முடியும்வரை வெட்டாமல் விடும்படி நம் அருட்சகோதரியரை வேண்டுகிறேன்.