செருப்பில் யார் சொல் செல்லும்?

வாடிக்கைக்காரரே தமது செருப்பை அமைத்துக்கொள்ளும் புதுயுகம் பிறந்துவிட்டதாம்! பெரிய ஷூ கம்பெனிகள் முரசு கொட்டுகின்றன. திரையைப் பார்த்து நிறத்தைச் சொல், கயிற்றைச் சொல், உன் பெயரைப் பொறித்துக்கொள் என்கிறார்கள்.

இதில் என்ன புதுமை, தோழர்களே? மாங்காடு காமாட்சியம்மன் கோயில் பக்கம் ரோட்டோரத்தில் சாக்கு விரித்திருக்கும் பெரியவரிடம்தான் நான் பல வருஷமாகச் செருப்புத் தைத்துக்கொள்கிறேன். காகிதத்தின் மேல் காலை வைக்கச் சொல்லுவார். பென்சிலால் சுற்றிக் கோடு போடுவார். "சுண்டுவிரல் பக்கம் கடிக்குதா தோழர்?" என்று கேட்டு வாரைக் கொஞ்சம் தளர்த்துவார். சேற்றில் நடக்கிறவருக்கு டயர் அடி, நாள் முழுவதும் யந்திரத்தடியில் நிற்கிறவருக்கு மெத்தென்ற அடி. நான் கேட்டதையெல்லாம் செய்துவிடவும் மாட்டார். "அது உங்க காலுக்கு ஆகாது" என்பார்; பேசாமல் ஒப்புக்கொள்வேன்.

இந்தக் கையைத்தான் ஊர் தீண்டாமல் ஒதுக்கியது. அவர் தைத்ததை மாட்டிக்கொண்டு ஆண்டை நடந்தார். தைத்தவர் ஆண்டையின் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போனார்!

நைக்கி கம்பெனி 1999-ல் இந்த வியாபாரத்தை இணையத்தில் தொடங்கியது. 2001-ல் ஜோனா பெரெட்டி என்ற அமெரிக்க மாணவர் தம் ஷூவில் 'ஸ்வெட்ஷாப்' என்று பொறிக்கக் கேட்டார். அற்பக் கூலிக்கு ஆளைக் கசக்கிப் பிழியும் பட்டறை என்று பொருள். கம்பெனி மறுத்தது. அது கொச்சைச் சொல்லாம்! அகராதியிலேயே இருக்கிறதே என்று அவர் பதில் எழுதியும் பலிக்கவில்லை. எந்தப் பெயரையும் பொறிப்பார்கள், தம் பெயரைத் தவிர!

அடிடாஸ் கம்பெனி, யந்திரங்களை வைத்து அவரவர்க்கு ஏற்ற ஷூவை விற்கும் நாட்டிலேயே செய்வதாகச் சொல்லி ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஆலை வைத்தது. அவற்றை மூடப்போவதாக 2019-ல் அறிவித்தது. ஆசியாவில் செய்வதே சிக்கனமாம். யாருடைய வயிற்றில் அடித்த சிக்கனம்?

நம் செய்யாறு சிப்காட்டிலும் நைக்கி ஷூ தயாராகிறது. தைப்பவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். உங்கள் சொந்தத்திலும் இருக்கலாம். வாங்குகிறவர் கயிற்றின் நிறத்தைச் சொல்லலாம் என்றால், தைக்கிறவள் ஒரு மணிக்கு எத்தனை ஜோடி என்பதைச் சொல்லக் கூடாதா? தனியாகச் சொன்னால் வேலை போகும். சங்கமாகச் சொல்ல வேண்டும்.

ரோட்டோரப் பெரியவர் விஷயமும் இருக்கிறது. ரோட்டை அகலப்படுத்த வந்தால் முதலில் தூக்கி எறிவது அவர் பெட்டியைத்தான். தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-லேயே வந்துவிட்டது. அதன்படி அவருக்குச் சான்றும் இடமும் கேட்டு மனு எழுதியாக வேண்டும். அவரிடம் செருப்புத் தைத்துக்கொண்டவர்கள் கையெழுத்துப் போட வாருங்கள்.