செம்பைக் குறைப்பது சிக்கனமா?

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ராயகிரி என் ஊர். கிணற்றில் நீர் இருந்தும் பயிர் வாடியதை நான் கண்டிருக்கிறேன். காரணம் வானம் அன்று, மோட்டார். சென்ற கோடையில் எங்கள் மோட்டாரின் காயில் எரிந்தது. புதிதாகக் காயில் கட்டிக் கொண்டுவந்து பூட்டினோம். மூன்று வாரத்தில் மறுபடியும் எரிந்தது. பிரித்துப் பார்த்த முதிய மெக்கானிக் ஒருவர், “தம்பி, கம்பியில ஒரு கேஜ் குறைச்சுல்லா கட்டியிருக்காங்க!” என்றார். அந்தச் சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

மோட்டாரில் சுழலாத பகுதி ஸ்டேட்டர். அதன் ஸ்லாட்டுகளில் செப்புக் கம்பிச் சுருள்கள் அமர்ந்திருக்கின்றன. அவற்றில் மும்முனை மின்சாரம் பாயும்போது காந்தப்புலம் சுழல்கிறது. அப்புலம் ரோட்டாரைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. 1888இல் டெஸ்லா காப்புரிமை பெற்ற இத்தத்துவத்தை நாம் வகுப்பில் படிக்கிறோம். 1937இலேயே கோவையில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்து காட்டினர். ஆயினும் நம் ஊர்க் கிணற்று மோட்டாரைப் பற்றி நாம் சிந்திப்பதில்லை.

இன்று எவரும் விரும்புவது அடக்கமான மோட்டாரையே. ஆழ்துளைக் கிணற்றில் இறங்கும் மோட்டார் ஆறு அங்குலக் குழாய்க்குள் அடங்கியாக வேண்டும். எனவே சுற்றைச் சிறிதாக்குவதில் எனக்கு மறுப்பில்லை. எதைக் குறைப்பது என்பதே வினா.

கம்பியின் கனத்தைக் குறைப்பது எளிது, கேடும் அதுவே. 20 கேஜ் கம்பியின் விட்டம் 0.036 அங்குலம், 21 கேஜ் 0.032 அங்குலம். வேறுபாடு தலைமயிரளவுதானே என்று எண்ணலாம். ஆனால் மின்தடை கால் பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. அதே மின்னோட்டத்தில் வெப்பமும் அவ்வளவே கூடும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் காப்புப் பூச்சின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் பொது விதி.

அப்படியானால் எங்கே குறைக்கலாம்? ஸ்லாட்டுக்கு வெளியே வளைந்து செல்லும் சுருளின் தலைப்பகுதியில்! அங்குள்ள கம்பி மின்சாரத்தைச் சுமந்து சூடாகிறதே தவிர, சுழற்சிக்கு உதவுவதில்லை. 36 ஸ்லாட்டும் 4 துருவமும் உள்ள ஸ்டேட்டரில் முழு எட்டு என்பது 9 ஸ்லாட். ஈரடுக்காகக் கட்டி, எட்டை 8 ஸ்லாட்டாகச் சுருக்கினால் வளைவு குறுகும், செம்பும் மிச்சமாகும். காந்த விசையில் இழப்பு நூற்றுக்கு ஒன்றரைப் பங்கே. வேண்டாத காந்த அலைகளும் தணியும். இது அறிவால் வரும் சிக்கனம். முன்னது பிறர் பயிரை அடகுவைத்து வரும் சிக்கனம்.

“உழவனுக்கு மின்சாரம் இலவசம்தானே?” என்பர் சிலர். மின்சாரம் இலவசம், மோட்டார் இலவசமா? கருகிய நாற்று இலவசமா? வீணாகும் மின்சாரத்தின் விலையையும் நாட்டு மக்கள்தாமே சுமக்கிறோம்?

ஆகவே, காயில் கட்டும் கடைகள் கம்பியின் கேஜ், சுற்றுகளின் எண்ணிக்கை, எட்டு ஆகிய மூன்றையும் ரசீதில் எழுதித் தர வேண்டும் என்பது என் கருத்து. கேட்டு வாங்க வேண்டியது உழவரின் உரிமை. அதை அவருக்கு எடுத்துரைப்பது, கல்லூரி வாசலை மிதித்த அவர் பிள்ளைகளாகிய நம் கடமை அன்றோ?