பெயரிழந்த கீரையும் புண்பட்ட வாயும்

வாய்ப்புண் என்னும் தெளிந்த தமிழ்ச்சொல் இருக்க, ‘மவுத் அல்சர்’ என்று சொல்லி வில்லை வாங்குவோர் நம்மிடைப் பெருகிவிட்டனர். சொல்லைத் துறந்தவர் உணவையும் துறப்பர் என்பதற்குத் தக்காளியே சான்று.

இன்று தக்காளி எனப்படுவது அமெரிக்க நிலத்தில் தோன்றி, ஐரோப்பியர் வழியாக இங்குப் புகுந்த பழம். சீமைத்தக்காளி என்றே முன்னாளில் அது வழங்கியது. தக்காளி என்பதோ இம்மண்ணின் சிறுசெடிகளுக்குரிய பெயர். மணத்தக்காளி அவற்றுள் ஒன்று. வந்தது வீட்டுப்பெயரைக் கவர்ந்துகொண்டது. வீட்டுக்குரியது வேலியோரம் ஒதுங்கியது!

வந்த பழத்தின் புளிப்பு, புண்பட்ட வாயை எரியச் செய்யும். மணத்தக்காளிக் கீரையோ, பாசிப்பயறும் தேங்காய்ப்பாலும் கூட்டி உறைப்பின்றிச் சமைத்தால், அவ்வாய்க்கு ஏற்ற மெல்லுணவாகும். வாய்ப்புண்ணுற்றார்க்கு அதனை ஆக்கித் தருதல் தமிழ்க்குடிகளின் நெடுநாள் வழக்கம்.

இரும்பு, ஃபோலேட்டு, பி12 ஆகிய ஊட்டங்கள் குறைந்தார்க்கு வாய்ப்புண் அடிக்கடி தோன்றக்கூடும் என இற்றை மருத்துவமும் கூறும். முன்னிரண்டும் கீரைகளில் உள. பி12 பால், முட்டை, மீன் போல்வனவற்றில் கிட்டும். ஆகவே, கீரை ஒன்றே எல்லாம் தீர்க்கும் என மயங்குதலும் வேண்டா. மூன்று கிழமைகள் கடந்தும் ஆறாத புண்ணை, அதிலும் புகையிலை மெல்லுவார் வாய்ப்புண்ணை, மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். அது புற்றாகவும் இருக்கலாம்.

தமிழர் சந்தையில் மணத்தக்காளியைப் பெயர்சொல்லிக் கேட்டு வாங்குக. பிள்ளைகட்குப் பெயர்சொல்லியே ஊட்டுக. வாயில் வழங்காத பெயர் வயலிலும் நில்லாது!