ஏமாந்தவன் தலையில் 'சைபர் செக்யூரிட்டி'

தாயில்பட்டியில் பாதுகாப்பு என்றால் எல்லோருக்கும் தெரியும். மருந்து உராயக்கூடாது, ஓர் அறையில் 4 பேருக்கு மேல் உட்காரக்கூடாது. வெடித்தால் வழக்கு உரிமையாளர் மேலும் ஃபோர்மேன் மேலும் பாயும். (பிறகு என்ன ஆகிறது என்பது வேறு கதை!)

அதே பட்டாசு இணையத்துக்குப் போனதும் சொல்லின் அர்த்தமே தலைகீழ். தீபாவளி நெருங்கினால் "சிவகாசி பட்டாசு பாதி விலை" என்று யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் வரும். யுபிஐயில் பணம் போகும், பட்டாசு வராது. 2024ல் தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவே இதைப் பற்றி எச்சரித்தது. உடனே எல்லோரும் 'சைபர் செக்யூரிட்டி விழிப்புணர்வு' என்று கிளம்பிவிடுகிறார்கள்.

எதற்கு இந்தப் பெரிய வார்த்தை? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2008 திருத்தம் இதற்குப் பொருள் சொல்கிறது: கணினியையும் அதிலுள்ள தகவலையும் அனுமதியில்லாத நுழைவு, பயன்பாடு, அழிவு முதலியவற்றிலிருந்து காப்பது. 2019ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினியில் வைரஸ் நுழைந்ததே (முதல் நாள் மறுத்து, மறுநாள் ஒப்புக்கொண்டார்கள்), அது சைபர் செக்யூரிட்டி. பட்டாசுக்குப் பணம் கட்டியவரின் போனில் யார் நுழைந்தார்கள்? அவரே நம்பி அனுப்பினார். இது சுத்தமான 420. 2024 ஜூலைக்குப் பிறகு 318, அவ்வளவுதான் வித்தியாசம்.

மோசடி என்று சொன்னால் மோசடிக்காரனைத் தேட வேண்டும். செக்யூரிட்டி என்று சொன்னால் ஏமாந்தவர் 'கவனமாக இருந்திருக்க வேண்டும்'. விளம்பரத்துக்குக் காசு வாங்கிய கம்பெனியையும், திருடனுக்குக் கணக்கு திறந்து கொடுத்த வங்கியையும் கேட்பார் யாருமில்லை. சீட்டுப்பணத்தைத் தொலைத்தவர்தான் 1930க்கு அடித்துக்கொண்டு நிற்கிறார்.